ஸ்பின் போடச் சொல்லாதீர்கள்

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து, முடிந்த மட்டும் தூரமாக எறியச் சொல்வது என் வழக்கம். பந்து எங்கே போய் விழுகிறது என்று நான் பார்ப்பதில்லை. எந்தக் கையால் எறிகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர் இடது கையால் எறிவார்கள். அந்தப் பெயர்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வேன். நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இந்த மலையிலிருந்து ஓர் இடது கை வேகப்பந்து வீச்சாளர் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்படி ஒருவர் கிடைப்பது எவ்வளவு அரிது என்று தெரிந்துதான் ஆசைப்படுகிறேன். டெஸ்ட் கிரிக்கெட் 1877-ல் தொடங்கியது. அன்று முதல் இன்று வரை 300 விக்கெட்டைத் தாண்டிய இடது கை வேகக்காரர்கள் ஆறே பேர்: வாசிம் அக்ரம், மிட்செல் ஸ்டார்க், சமிந்த வாஸ், டிரென்ட் போல்ட், மிட்செல் ஜான்சன், நம் ஜாகீர் கான். இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டெஸ்டிலிருந்து ஆடிவரும் நாடு. அங்கே இடது கை வேகப்பந்து வீச்சாளர் ஒருவர்கூட நூறு விக்கெட்டைத் தொடவில்லை. பில் வோஸ் 98-ல் நின்றுவிட்டார். உலகத்தையே நடுங்க வைத்த மேற்கிந்தியத் தீவுகளின் ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட், மார்ஷல் எல்லோருமே வலது கை. இந்தியாவில் கர்சன் காவ்ரி 109, இர்ஃபான் பதான் சரியாக 100, ஜாகீர் 311. ஜாகீர் கடைசி டெஸ்டை ஆடியது 2014 பிப்ரவரியில். அதற்குப் பிறகான பத்து ஆண்டுகளில் இந்திய டெஸ்ட் அணியில் இடது கை வேகம் என்று பார்த்தால் நடராஜனுக்கு ஒரு டெஸ்ட், ஜெய்தேவ் உனத்கட்டுக்கு மூன்று. அவ்வளவுதான்.

பேட்டிங்கில் இந்தப் பஞ்சம் கிடையாது. எந்த அணியைப் பார்த்தாலும் முதல் ஆறு பேரில் இரண்டு மூன்று இடது கை ஆட்டக்காரர்கள் நிற்கிறார்கள். காரணம் எளிது. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்பது பழக்கம். கங்குலி வலது கைக்காரர். அண்ணனின் கிளவுஸையும் பேடையும் பயன்படுத்த வேண்டி இடது பக்கம் திரும்பி நின்று பழகியவர். பந்தை வேகமாக வீசும் கையை அப்படி மாற்றிக்கொள்ள முடியாது. ஜாகீரும் போல்ட்டும் வலது பக்கம் நின்றுதான் மட்டை பிடித்தார்கள், ஆனால் வீசும் கை பிறந்தபோது வந்த கை. பேனா பிடிக்கும் கையை வைத்தும் முடிவு செய்ய முடியாது. சச்சின் எழுதுவது இடது கையால், ஆடியதும் வீசியதும் வலது கையால். அதனால்தான் நான் நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, எறியச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இடது கைப் பிள்ளைகளைச் சும்மா விடுவதும் இல்லை. சோறு சாப்பிடும் கை, பணம் கொடுக்கும் கை, பெரியவர்களிடம் வாங்கும் கை எல்லாம் வலதாக இருக்க வேண்டும் என்று பாட்டிமார்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடி வாங்கி வாங்கி எழுதும் கையையும் மாற்றிக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். நல்ல வேளையாக, வாழைத் தோப்பில் குரங்கு இறங்கினால் கல்லை எந்தக் கையால் எறிய வேண்டும் என்று எந்தப் பாட்டியும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தக் கை மட்டும் தப்பித்து என்னிடம் வந்து சேர்கிறது.

வீட்டில் தப்பித்த கை மைதானத்தில் மாட்டிக்கொள்வதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சில ஆண்டுகளுக்கு முன்பு தேவாலாப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். எட்டாம் வகுப்பு. நெடுநெடுவென்று உயரம், தோள் அகலம், ஓடி வரும்போது தலை ஆடாது. கோடை விடுமுறையில் சமவெளியில் நடந்த ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பி வைத்தோம். திரும்பி வந்தவன் நான்கு எட்டு நடந்து வந்து, விரலால் பந்தைச் சுழற்றினான்.

“என்னடா இது?” என்றேன்.

“அங்க ஸ்பின் போடச் சொன்னாங்க சார். லெஃப்ட் ஆர்ம்னா ஸ்பின்தானாம். டீம்ல சேர அதுதான் ஈஸின்னாங்க.”

சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். வினு மன்கட், பிஷன் சிங் பேடி, ஜடேஜா என்று இடது கை ஸ்பின்னுக்கு இந்த நாட்டில் பெரிய பரம்பரை இருக்கிறது. தமிழ்நாட்டு அணியில் சாய் கிஷோர் இருக்கிறார். நம் ஆடுகளங்களில் ஸ்பின்னருக்கு ஓவர் கிடைக்கும், விக்கெட் கிடைக்கும், முதுகெலும்பும் தப்பிக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளில் ஒருவர் இடது கை. அந்தப் பத்தில் ஒன்றில் வேகமாக வீச உடம்பும் மனசும் உள்ளவர் இன்னும் குறைவு. வளரும் வயதில் முதுகு வலி, முழங்கால் வலி என்று பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். மிஞ்சுகிற ஒருவரையும் கூப்பிட்டு, சுலபம் என்று சொல்லி ஸ்பின் போட வைத்தால், அப்புறம் இந்திய அணிக்கு ஜாகீருக்குப் பிறகு யாரும் இல்லையே என்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்து புலம்ப நமக்கு என்ன உரிமை?

அந்தப் பையனை மறுபடி ஓட வைக்க எவ்வளவோ முயன்றேன். அவனுக்கு மனசு வரவில்லை. இப்போது கிரிக்கெட்டே ஆடுவதில்லை.

இடது கை வேகம் ஏன் இவ்வளவு பெரிது என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வலது கை பேட்ஸ்மேன் சின்ன வயதிலிருந்து ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகியது, வலது கை பவுலர் ஆஃப் பக்கமிருந்து, அதாவது மட்டை இருக்கும் பக்கமிருந்து, உள்ளே செலுத்தும் பந்தை. இடது கை பவுலர் ஸ்டம்புக்கு மறுபக்கம் ஓடி வந்து கையை இறக்கும்போது, பந்து கால் இருக்கும் லெக் பக்கமிருந்து புறப்பட்டு, குறுக்கே கடந்து, கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்லிப்பை நோக்கிப் போகிறது. மட்டை தானாக அதன் பின்னால் போகும். போனால் எட்ஜ், மட்டை விளிம்பில் பட்டு கேட்ச். சரி, தொடவே வேண்டாம் என்று முடிவெடுத்தால், அடுத்த பந்து அதே கோணத்தில் கிளம்பி, கடைசி நேரத்தில் உள்ளே வளைந்து பேடிலோ ஸ்டம்பிலோ படும். இரண்டும் ஒரே கையிலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருவதுதான் கஷ்டம். 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில் ஓவல் மைதானத்தில் பாகிஸ்தானின் முகமது ஆமிர் முதல் ஓவரிலேயே ரோஹித்தை எல்பிடபிள்யூ (ஸ்டம்பை மறைத்த காலில் பந்து பட்டு அவுட்) ஆக்கியது இப்படித்தான். 2021 டி20 உலகக் கோப்பையில் துபாயில் ஷாஹீன் அஃப்ரிடி அதே ரோஹித்தைச் சந்தித்த முதல் பந்திலேயே எல்பிடபிள்யூ ஆக்கி, அடுத்து ராகுலின் ஸ்டம்பைப் பெயர்த்ததும் இப்படித்தான். ரோஹித்துக்கு ஆடத் தெரியாமலா? இந்தக் கோணத்தில், இந்த வேகத்தில், தினமும் பயிற்சி எடுக்க ஆள் கிடையாது, அதுதான் விஷயம்.

ஆள் இல்லாத குறையைத் தீர்க்க இந்திய அணி என்ன செய்தது தெரியுமா? இலங்கையிலிருந்து நுவன் செனவிரத்ன என்பவரைக் கூட்டி வந்து, வலைப்பயிற்சியில் இடது கையால் பந்து எறிவதற்கென்றே வைத்துக்கொண்டது. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாடு, இடது கைக் கோணத்தைப் பழக வெளியிலிருந்து ஆள் எடுக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். உன் கைக்கு எவ்வளவு தேவை இருக்கிறது பார் என்று.

இலங்கை என்றதும் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பா பிறந்தது இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் வந்து தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இங்கே வந்த பிறகும் இலங்கை ஆட்டம் என்றால் ரேடியோவை விட்டு நகர மாட்டார். வாஸ் என்றால் உயிர். 1995-ல் நியூசிலாந்தில் நேப்பியர் டெஸ்டில் வாஸ் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்து விக்கெட் எடுத்தார். வெளிநாட்டு மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அப்பா லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்று வாஸ் மாதிரி கையைச் சுழற்றிக் காட்டியது நினைவிருக்கிறது. வாஸுக்கு ஸ்டார்க்கின் வேகமெல்லாம் கிடையாது. ஆனால் 2001-ல் ஜிம்பாப்வேக்கு எதிராக 19 ரன்னுக்கு 8 விக்கெட். ஒருநாள் போட்டிகளில் அதற்கு மேல் இன்று வரை யாரும் எடுத்ததில்லை. 2003 உலகக் கோப்பையில் வங்கதேசத்துக்கு எதிராக ஆட்டத்தின் முதல் மூன்று பந்துகளில் மூன்று விக்கெட். கோணமும் வளைவும் கட்டுப்பாடும் இருந்தால் மீதியைப் பந்தே பார்த்துக்கொள்ளும் என்பார் அப்பா. அவர் இடது கைக்காரர் இல்லை. பிள்ளை நானும் இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் குறைதான் என்று நினைக்கிறேன்.

வாஸைப் பார்த்து ஒருவர், அக்ரமைப் பார்த்து பத்துப் பேர் என்று வருவதை நாம் பார்க்கிறோம். பாகிஸ்தானில் வகாப் ரியாஸ், ஜுனைத் கான், ஆமிர், ஷாஹீன் என்று வரிசை நிற்கவில்லை. 1992 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லாம்பையும் லூயிஸையும் அடுத்தடுத்த பந்துகளில் அக்ரம் வீழ்த்தியதைப் பார்த்து வளர்ந்த ஊரில், இடது கைப் பையனிடம் யார் போய் ஸ்பின் போடு என்று சொல்வார்கள்? தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒருவர் கிடைத்தார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2020 கடைசியில் வலைப்பந்து வீச்சாளராக ஆஸ்திரேலியா போய், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனின் காபா மைதானத்தில் இந்தியா ஜெயித்த அந்த டெஸ்டில் அவரும் இருந்தார். பேட்ஸ்மேனின் காலடியில் விழும் அவருடைய யார்க்கர் பந்து எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. எங்கள் பக்கம் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் எல்பிடபிள்யூ கிடையாது. பந்து பெரிதாக வளையவும் வளையாது. இடது கைக்காரருக்கு உள்ளே வளைத்துப் பேடில் வாங்கும் வழி அடைபட்டுப் போகிறது. ஸ்டம்பின் அடியில் நேராகப் போடுவது ஒன்றுதான் மிச்சம். அதையே ஆயிரம் தடவை போட்டால் யார்க்கர் கைக்குள் உட்கார்ந்துவிடும். அந்த ஜனவரிக்குப் பிறகு எங்கள் பிள்ளைகள், வலது கைப் பிள்ளைகள் உட்பட, ஒரு செங்கல்லை ஸ்டம்புக்கு முன்னால் வைத்து அதையே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் எங்கள் மைதானம். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மலையில் சமதரை என்பது யாரோ வெட்டி உண்டாக்கியது. எங்கள் மைதானம் சரிவைச் சீவி எடுத்த ஒரு தட்டு. ஒரு முனையில் பள்ளம், அங்கிருந்து ஓடி வர முடியாது. அதனால் ஃபேக்டரி முனையிலிருந்துதான் எல்லோரும் பந்து வீசுவார்கள். ஓவர் முடிந்ததும் பேட்ஸ்மேன்கள்தான் இடம் மாறிக்கொள்வார்கள். வலது கை பவுலர் ஸ்டம்புக்கு இடப்புறமாக ஓடி வருவார், இடது கைக்காரர் வலப்புறமாக. எங்கள் ஃபேக்டரி முனையில் வலப்புறம் மண்மேடு, அதன் அடியில் தேயிலை மலையின் மழைத்தண்ணீர் இறங்கும் கான். வலது கைக்காரருக்குப் பதினைந்து எட்டு ஓட இடம் இருக்கும். இடது கைக்காரர் ஐந்தாவது எட்டிலேயே கானுக்குள் நிற்க வேண்டும். ஐந்து எட்டு ஓடி வரும் பிள்ளை வேறு என்ன போடும்? ஸ்பின்தான். வருஷக் கணக்காக இந்த மைதானமே இடது கைப் பிள்ளைகளை ஸ்பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

தோட்டத்து அனுமதி வாங்கி, பழைய மாணவர்கள் நான்கைந்து பேரும் பெற்றோர்களும் சேர்ந்து, கானுக்குள் சிமெண்ட் குழாய் இறக்கி, மேலே கல் பரப்பி மண் போட்டோம். முதல் தென்மேற்குப் பருவமழையில் மண் உள்வாங்கிக்கொண்டது. பந்தலூர் மழையை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மறுபடியும் கல், மறுபடியும் மண். மேட்டின் கரையையும் மண்வெட்டியால் கொஞ்சம் சீவி எடுத்தோம். இப்போது பதினான்கு எட்டுக்கு இடம் இருக்கிறது.

அந்தப் பதினான்கு எட்டில் முதலில் ஓடி வந்தது ஒரு பெண் பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. அம்மா கொழுந்து பறிக்கிறார். பறிப்பதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் அந்த வீட்டில் மட்டும் இடது கைக்கு மரியாதை உண்டு என்று அந்த அம்மாவே என்னிடம் சொன்னார். அப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான் நாளானது. “பொம்பளப் புள்ளைக்கு லெதர் பால் எதுக்கு மாஸ்டர், மூஞ்சில பட்டா என்ன பண்றது?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்றேன். வந்தார். மகள் போட்ட பந்தில் மூஞ்சியைக் காப்பாற்றிக்கொண்டது எதிரில் நின்ற பதினோராம் வகுப்புப் பையன். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் கூடலூருக்குப் போய் அவரே ஷூ வாங்கி வந்துவிட்டார்.

அந்தப் பிள்ளையால் எங்கள் பையன்களுக்குக் கிடைத்த லாபம் நான் எதிர்பாராதது. வாரம் தவறாமல் அந்தக் கோணத்தை ஆடி ஆடி, ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. வேறு பள்ளிப் பையன்கள் வந்து ஆடும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. போன பருவத்தில் ஒரு தொடக்க ஆட்டக்காரர், நல்ல ஆட்டக்காரர்தான், அவள் போட்ட மூன்று பந்தைத் துரத்திப் போய்த் தவறவிட்டு, நான்காவதை விட்டுவிடலாம் என்று மட்டையைத் தூக்கினார். ஆடுகள விரிப்பில் பட்டு உள்ளே வந்த பந்து ஆஃப் ஸ்டம்பைக் கொண்டுபோனது. இன்னொரு விஷயமும் கவனித்தேன். பந்தை விட்டபின் அவள் ஓடி முடிக்கும் இடம், மறுமுனையிலிருந்து வீச முடிகிற மைதானங்களில், வலது கை பேட்ஸ்மேனின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே மண்ணைக் கிளறிவிடுகிறது. ஸ்டார்க் கிளறிய இடத்தில் ஆஸ்திரேலிய ஆஃப் ஸ்பின்னர் லயன் பந்தைக் குத்தித் திருப்புவது போல, எங்கள் ஆஃப் ஸ்பின்னரும் அங்கே குறி வைக்கப் பழகிவிட்டான்.

அவளுக்கு வரும் தொல்லை வைடு. குறுக்கே போகும் பந்து, ஸ்டம்புக்குப் பக்கத்திலேயே போனாலும், உள்ளூர் அம்பயருக்கு அகலமாகத் தெரிகிறது. கை தானாக விரிகிறது. இடது கை வேகத்தைப் பார்த்துப் பழகாதது பேட்ஸ்மேனுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. வைடு கொடுத்துக்கொண்டே இருந்தால் கேப்டன் ஓவரை நிறுத்துவார், ஓவர் இல்லையென்றால் பிள்ளை வளராது. அம்பயர்களாக நிற்கும் நண்பர்கள் இதைப் படித்தால், தயவு செய்து பந்து எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டு, பேட்ஸ்மேனைக் கடக்கும்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அவளை மாவட்டத் தேர்வுக்கு அனுப்பப் போகிறேன். ஆந்திராவின் அஞ்சலி சர்வாணி இடது கை வேகத்தால் இந்தியப் பெண்கள் அணி வரை போனவர். அவருடைய வீடியோக்களை போனில் போட்டுக் காட்டியிருக்கிறேன். இந்திய அணியின் இடது கை வேகக்காரர் அர்ஷ்தீப் 2024 டி20 உலகக் கோப்பையில் 17 விக்கெட் எடுத்ததும் அவளுக்கு மனப்பாடம். தேர்வில் யாராவது ஸ்பின் போட்டுக் காட்டு என்று சொன்னால், எனக்கு ஸ்பின் வராது என்று மட்டும் சொல்லிவிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மழை விட்டதும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம். சாயங்காலம் வைப்பதில்லை, இருட்டினால் யானை இறங்கும் வழி அது. சேரம்பாடி, எருமாடு, தேவாலா, நாடுகாணி எந்தப் பக்கமானாலும் சரி, உங்கள் வீட்டில் இடது கையால் கல் எறியும் பிள்ளை இருந்தால், ஆணோ பெண்ணோ, கூட்டிக்கொண்டு வாருங்கள். ஷூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பந்து எங்களிடம் இருக்கிறது.